அமைதியான வகுப்பே நல்ல வகுப்பா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஓர் ஆசிரியரைப் பாராட்ட நம் ஊர்ப் பக்கத்தில் வழங்கும் பேச்சு ஒன்று உண்டு. "அவர் வகுப்புக்குள் நுழைந்தால் ஒரு பிள்ளை வாய் திறக்காது" என்பார்கள். பெற்றோர் அதைக் கேட்டு மகிழ்வர். தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் நடந்து வரும்போதும் சத்தம் வரும் வகுப்பைத்தான் எட்டிப் பார்ப்பார். சத்தம் இல்லாத வகுப்பைத் திருப்தியுடன் கடந்து போவார். சத்தம் இல்லாத அந்த வகுப்பில் படிப்பு நடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை ஆசிரியர்களைக் குறை கூறும் நோக்கத்தோடு நான் எழுப்பவில்லை. நம் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால் பலரும் சொல்லும் விடை "பி.எட்." என்பதே. நாளை வேலூரிலோ, குடியாத்தத்திலோ, ஆம்பூரிலோ ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப் போகிறவர்கள் நாம். நமக்குள் இப்போதே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் இது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆறாம் வகுப்பில் நான் வகுப்புத் தலைவன். ஆசிரியர் வராத வேளையில் என் கையில் ஒரு சுண்ணக்கட்டி இருக்கும். கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதுவேன். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆசிரியர் வந்ததும் அந்தப் பட்டியலே நீதிமன்றத் தீர்ப்பு. இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் அந்தப் பட்டியலை எழுதியிருப்பீர்கள், மற்றவர்கள் அதில் இடம்பெற்றிருப்பீர்கள். என் பட்டியலில் மிகுதியாக இடம்பெற்ற பெயர் ஒன்று உண்டு. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சட்டாம்பிள்ளையின் கதை

வகுப்புத் தலைவன் என்பவன் நேற்று முளைத்தவன் அல்லன். நம் திண்ணைப் பள்ளிகளில் அவனுக்குச் ‘சட்டாம்பிள்ளை’ என்று பெயர். உ.வே.சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும்போது சட்டாம்பிள்ளையின் அதிகாரத்தையும் விவரித்திருக்கிறார். அவனுக்கு இரண்டு வேலைகள். சிறுவர்களைக் கண்காணிப்பது ஒன்று. அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது மற்றொன்று. முதல் வேலையை நாம் இன்றும் விடாமல் காப்பாற்றி வருகிறோம். இரண்டாவது வேலையை மறந்துவிட்டோம். அதை மறவாமல் எடுத்துக்கொண்டு போனவர் ஒரு வெளிநாட்டவர்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக் கொண்டிருந்தார்கள். அதையே தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர், அது நடவாத காரியம் என்றார். பெல் அந்த வேலையை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாது என்று கைவிடப்பட்டதைச் சிறுவன் செய்து காட்டினான். பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் இம்முறையைப் பெல் 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வழங்கிற்று.

அந்த முறை அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்துச் செலவைக் குறைக்கும் சூழ்ச்சியாகவும் மாறிற்று என்பது வேறு கதை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரே சிறுவனை வகுப்பின் காவற்காரனாகவும் ஆக்கலாம், துணை ஆசிரியனாகவும் ஆக்கலாம். எதை ஆக்குகிறோம் என்பதைப் பொறுத்தே வகுப்பின் ஒழுங்கு அமைகிறது. என்னை என் ஆசிரியர் காவற்காரன் ஆக்கினார். நானும் பெருமையோடு ஆனேன்.

நம் மாவட்டத்து விதை

பெரும்பாலோர் மறந்துவிட்ட செய்தி ஒன்றை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். தமிழ்நாடு முழுவதும் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் நடந்த மாற்றத்தின் வேர்களில் ஒன்று நம் மண்ணில் இருக்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆயினும் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பீடித் தொழிலில் பிள்ளைகள் அடகாக இருந்த கொடுமை நம் பகுதியில் அதற்குப் பின்னும் நீடித்தது. 1990-களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த திரு. எம். பி. விஜயகுமார் அத்தகைய பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பும் பணியில் ஈடுபட்டார். மீட்பது ஒரு போராட்டம் என்றால், மீண்ட பிள்ளையைப் பள்ளியில் இருக்கச் செய்வது அதைவிடப் பெரிய போராட்டம். பத்து வயதில் அரிச்சுவடி தொடங்கும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? ஐந்தாம் வகுப்பில் வைத்தால் ஒன்றும் புரியாது. ஒன்றாம் வகுப்பில் வைத்தால் வெட்கத்தில் ஓடிவிடும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் என்ற ஏற்பாட்டில் அந்தப் பிள்ளைக்கு இடமே இல்லை.

அதே அதிகாரி பிற்காலத்தில் சென்னை மாநகராட்சி ஆணையரானபோது 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் புதிய முறையைத் தொடங்கினார். மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமப்புறப் பள்ளிகளில் உருவான ஏணி முறையே அதற்கு முன்மாதிரி. பின்னர் 2007-08-இல் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 37,000 பள்ளிகளில் முதல் நான்கு வகுப்புகளுக்கு அது வந்து சேர்ந்தது.

நான் அந்தப் பாயில் உட்கார்ந்து படித்தவன். ஆகவே கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். சுவரில் ஓர் ஏணிப்படம் தொங்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு படச் சின்னம். அதே சின்னம் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து நாமே எடுக்க வேண்டும். அட்டையில் சொன்னதைச் செய்து முடித்தால் அடுத்த படி. சில அட்டைகளுக்கு ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், சிலவற்றுக்குத் தோழன் துணை, சிலவற்றைத் தனியாகவே செய்ய வேண்டும், சிலவற்றில் நம் கற்றலைச் சோதித்துப் பார்ப்பார்கள். வருகைப் பதிவைக்கூட நாங்களே குறித்துக்கொள்வோம். எங்கள் உயரத்துக்கு ஏற்பச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை இருக்கும். அதில் ஆளுக்கோர் இடம். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் கலந்திருக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்.

அந்த அறையில் எப்போதும் சத்தம் இருந்தது. ஆனால் அது வேலை நடக்கும் சத்தம். ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். தையல் இயந்திரங்கள் இரைந்து கொண்டிருக்கும் வரை மேற்பார்வையாளர் நிம்மதியாக இருப்பார். இரைச்சல் நின்றால்தான் என்ன ஆயிற்று என்று ஓடி வருவார். நம் பள்ளிகளில் மட்டும் இந்த வழக்கம் தலைகீழாக இருக்கிறது.

என் பட்டியலில் இருந்தவன்

இப்போது அந்த நண்பனின் கதைக்கு வருகிறேன். நானும் அவனும் முதல் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவன் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தார். தாய் காலணிக் கம்பெனியில் தையல் வேலை. காலையில் கம்பெனிப் பேருந்து வந்துவிடும். அதன் பிறகு தங்கையைக் குளிப்பாட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு வர வேண்டியவன் அவன்தான். எனவே நாள்தோறும் தாமதமாகவே வருவான். பாயில் படித்த காலத்தில் அந்தத் தாமதம் யாருக்கும் இடையூறாக இல்லை. வருவான், பதிவைக் குறிப்பான், நேற்று விட்ட அட்டையை எடுப்பான், தன் படியில் தொடங்குவான். அவனுக்காக ஏணி காத்திருந்தது.

ஆறாம் வகுப்பில் வேறு பள்ளிக்குப் போனோம். அது வீட்டிலிருந்து தொலைவில் இருந்தது. அங்கே முதல் பாடவேளை கணக்கு. தாமதமாக வந்தவன் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது அங்கிருந்த விதி. பிரம்பு இல்லை. பள்ளிகளில் உடல் தண்டனையை நீக்கித் தமிழ்நாடு கல்வி விதிகள் 2003-இலேயே திருத்தப்பட்டு விட்டன. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்பம் தருவதையும் தடை செய்கிறது. ஆனால் வெளியே நிற்பதைத் தண்டனை என்று அங்கே யாரும் கருதவில்லை. அவன் ஆண்டு முழுவதும் கணக்குப் பாடத்தை வெளியில் நின்றே கேட்டான். உள்ளே வந்து அமர்ந்த பிறகு, விட்டுப்போனதைப் பக்கத்துப் பையனிடம் கேட்பான். அப்படிக் கேட்டபோதெல்லாம் நான் அவன் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன்.

கணக்குக் கற்கத்தான் அவன் பேசினான் என்பது எனக்கு அன்று தெரியவில்லை. ‘கணக்கு வராதவன்’ என்ற பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டான்.

சென்ற ஆண்டு அவனைச் சந்தித்தேன். காலணிக் கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறான். தன் வேலையை எனக்கு விளக்கினான். ஒரு தோலை விரித்ததும் தழும்பு எங்கே, உண்ணிக் கடி எங்கே, கத்திக் கீறல் எங்கே என்று பார்க்க வேண்டும். முதுகுப் பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதி இழுபடும். காலணியின் முன்பாகத்துக்கு நல்ல பகுதியை ஒதுக்க வேண்டும். வெளியில் தெரியாத துண்டுகளை மற்ற இடத்தில் வெட்ட வேண்டும். அச்சுகளை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் கழிவு குறையும் என்பதை மனத்திலேயே கணக்கிட வேண்டும். தோலின் விலை சதுர அடிக் கணக்கு. ஒரு சோடிக்கு எத்தனை சதுர அடி என்ற வரம்பைத் தாண்டினால் அவனைத்தான் கேட்பார்கள். பரப்பளவு, கோணம், விகிதம், விழுக்காடு ஆகிய நான்கும் அவன் விரல் நுனியில் இருக்கின்றன. இவனைத்தான் கணக்கு வராதவன் என்றோம்!

தடைகள் உண்டு, மறுக்கவில்லை

"பேசுவது எளிது தம்பி, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்று பார்" என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்லக்கூடும். நியாயமான சொல். கட்டாயக் கல்விச் சட்டத்தின் அளவுப்படியே 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்புகளுக்கு இருவர் என்றால், ஒவ்வோர் ஆசிரியர் முன்பும் இரண்டு அல்லது மூன்று வகுப்புகள் எப்போதும் இருக்கும். ஒருவர் விடுப்பெடுத்தால் ஐந்தும் ஒருவர் தலையில். அத்தகைய பள்ளியில் ‘சும்மா இரு’ என்ற சொல்லே பாடத்திட்டமாகிவிடுவதில் வியப்பில்லை.

செயல்வழிக் கற்றலும் குறையற்றது அன்று. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. அட்டையை முடிப்பதே நோக்கமாகிப் புரிதல் பின்தங்கிய இடங்களும் உண்டு. புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாததைக் கண்ட பெற்றோர், "பள்ளியில் விளையாட்டுக் காட்டுகிறார்கள்" என்று முணுமுணுத்தார்கள். மேலிருந்து ஆணையாக வந்ததால் மனம் ஒப்பாமல் செய்த ஆசிரியர்களும் இருந்தார்கள். 2012-13-இல் முப்பருவ முறை வந்தபோது அம்முறை எளிமையாக்கப்பட்டது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்துக்குப் பின் 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். திட்டங்களின் பெயர் மாறுகிறது. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு என்ற கருத்து மட்டும் மீண்டும் மீண்டும் முளைக்கிறது. அது உயிருள்ள விதை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியைச் சிலர் இன்னும் சொல்கிறார்கள். பிள்ளை மாடு அன்று என்பது ஒருபுறம் இருக்கட்டும். படிவதும் படிப்பதும் ஒன்றா? அஞ்சிப் படிந்த பிள்ளை பேசாதிருக்கும். புரியாத பிள்ளையும் பேசாதிருக்கும். நம் பகுதியில் இதை மேலும் கருத வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் ஏராளம். ஆந்திர எல்லையோரச் சிற்றூர்களில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உண்டு. தமிழ் வழி வகுப்பில் முதல்நாள் அமைதியாக அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளையை ‘ஒழுங்கான பிள்ளை’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்தால், அது ஆண்டு முழுவதும் ஒழுங்காகவே ஒன்றும் கற்காமல் இருந்துவிடும்.

நம்மால் ஆவது என்ன?

அரசாணையும் நிதியும் வேண்டாத சில காரியங்கள் உண்டு. நாளை ஆசிரியராகும் நாம் அவற்றை முதல்நாளே தொடங்கலாம்.

முதலாவது, தாமதமாக வரும் பிள்ளையை உள்ளே விடுவோம். காரணத்தைப் பிறகு தனியே கேட்போம். முதல் ஐந்து நிமிடத்துக்குரிய பயிற்சியைப் பலகையில் எழுதி வைத்தால் முன்னே வந்தவன் தொடங்குவான், பின்னே வந்தவன் சேர்ந்துகொள்வான். விட்டுப்போனதைச் சொல்லித்தர ஒரு தோழனை நியமிக்கலாம். அப்போது அவர்கள் பேசுவதும் பாடத்தில் சேர்ந்துவிடும்.

இரண்டாவது, வகுப்புத் தலைவனின் வேலையை மாற்றுவோம். ‘பேசியவர்கள்’ பட்டியலுக்குப் பதில் ‘இன்று யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்’ என்ற பட்டியலை அவன் எழுதட்டும். அந்தப் பதவியும் ஒருவனிடமே நில்லாமல் வாரந்தோறும் சுற்றி வரட்டும்.

மூன்றாவது, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்போம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வாய் திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். இரண்டு நொடி கூடுதலாகப் பொறுப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு அந்த இரண்டு நொடி பெரிய வரம்.

நான்காவது, ஊரின் தொழிலைப் பாடத்துக்குள் அழைப்போம். பரப்பளவு கற்பிக்கத் தோல் துண்டையும் காலணி அச்சையும் விடச் சிறந்த கருவி நம் ஊரில் ஏது? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்றால் முந்நூறுக்கு எவ்வளவு என்று கேட்டால் குடியாத்தத்துப் பிள்ளை விகிதக் கணக்கைத் தாயிடமிருந்தே கற்று வரும். தோலில் முடியை நீக்கச் சுண்ணாம்பு ஏன், பாலாற்றுக் கிணற்று நீர் உவர்ப்பானது ஏன் என்று கேட்டால் வேதியியல் பாடம் வீட்டு வாசலில் நிற்கும்.

ஐந்தாவது, விதிகள் வேண்டும். கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விதிகள் இரண்டு மூன்றாக இருக்கட்டும், பிள்ளைகளோடு கலந்து வகுத்தவையாக இருக்கட்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். கவனிக்க வேண்டிய நேரத்தில் அனைவரும் ஆசிரியரைக் கவனிப்பதற்கு ஒரு கைதட்டல் போதும். மற்ற நேரத்தில் வேலைச் சத்தத்தையும் வீண் சத்தத்தையும் பிரித்தறியும் காது ஆசிரியருக்கு இருக்க வேண்டும்.

இவற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கூறவில்லை. ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும், பள்ளிகளுக்கு நிதி வேண்டும், பெற்றோரின் வேலை நேரத்துக்கு ஏற்ற குழந்தைகள் காப்பகம் வேண்டும். அவற்றுக்காகக் குரல் கொடுப்பதும் நம் கடமையே. ஆனால் அவை வரும்வரை ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்தி வைக்க நமக்கு உரிமை இல்லை.

நண்பனிடம் விடைபெறும்போது, பட்டியல் எழுதியதற்காக வருத்தம் தெரிவித்தேன். அவன் சிரித்துவிட்டு, "விடுடா, நீ வாத்தியாராகப் போறேன்னு சொன்னே இல்லே? என் தங்கச்சி இப்போ பத்தாவது படிக்கிறா. கணக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோ" என்றான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் போகிறேன். தங்கை கணக்குப் போடுகிறாள். எனக்குத் தடுமாறும் இடத்தில் அவன் ஒரு தோல் துண்டை எடுத்து வைத்துப் பரப்பளவை விளக்குகிறான். அந்தச் சிறு வீட்டில் மூவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம்.